பதினெட்டு சென்டிமீட்டர்

யூனிஸ் அளவு நாடாவை மூன்றாவது தடவையாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவையும் ஒன்று புள்ளி நாற்பத்திரண்டுதான் வந்தது. மடியில் விரித்து வைத்திருந்த குறிப்பேட்டிலோ, அவளுடைய கையெழுத்தில், அவளுடைய நீல மையில், செங்கல் தளத்தின் ஆழம் ஒன்று புள்ளி இருபத்துநான்கு மீட்டர் என்று இருந்தது. புதன்கிழமை காலை ஏழரை மணி. நான்காம் குழிக்குள் இன்னும் வெயில் இறங்கவில்லை. ஜூன் மாதத்தில் இந்த மேட்டின் மேல் கிடைக்கிற ஒரே நிழல் குழியின் நிழல்தான், அதுவும் எட்டரை வரைக்கும்தான். அதற்குள் குழியின் சுவரை வரைந்து முடித்துவிடலாம் என்று வேகவேகமாக வந்து உட்கார்ந்தவள், பென்சிலைக்கூடச் சீவாமல் நாடாவும் கையுமாக இருந்தாள்.

நாற்பத்திரண்டு, இருபத்துநான்கு. இலக்கத்தை இடம் மாற்றி எழுதிவிட்டோம் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்ததும் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. தூக்கக் கலக்கத்தில் யாருக்கும் வருகிற தப்பு. அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தால் முடிந்தது. ஆனால் பக்கத்து அறையின் வாசற்படியையும் அளந்து பார்த்தாள். குறிப்பேட்டில் ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்பது, நாடாவில் ஒன்று புள்ளி இருபத்தேழு. வடிகாலின் வாயை அளந்தாள். அங்கேயும் அதே வித்தியாசம். எங்கே நாடாவை வைத்தாலும் பதினெட்டு சென்டிமீட்டர் குறைவாகவே குறிப்பேடு சொன்னது. எழுதியதில் வருகிற தப்பு இப்படி ஒழுங்காக வராது.

படப்பையிலிருந்து ஏரிப் பக்கம் ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் இந்த மேடு. ஊர்க்காரர்கள் மொட்டையன் மேடு என்பார்கள். மொட்டையன் யார் என்று கேட்டால் எல்லாரும் எதிராளியைக் காட்டி, அவரைக் கேளுங்கள் என்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நிலத்தில் கிடங்கு கட்ட வந்தவர்கள் பொக்லைனை வைத்து மண்ணெடுத்தபோது, முழங்கை நீளத்துக்குச் செங்கற்கள் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு தொல்லியல்காரர்கள் வந்து, கயிறு கட்டிக் கட்டம் போட்டு, கரண்டியும் தூரிகையுமாகச் சுரண்டச் சுரண்ட, முற்றம் ஒன்றைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் வெளியே வந்தன. பௌத்தத் துறவிகள் தங்கிய விகாரம். ஆயிரத்தைந்நூறு வருஷமாவது இருக்கும் என்றார்கள். ஓர் அறை யூனிஸின் சமையலறையைவிடச் சிறியது. ஓர் ஆள் படுத்தால் தலைமாட்டில் ஒரு சொம்பு வைக்க இடமிருக்கும், அவ்வளவுதான். சுவரில் விளக்கு வைக்கிற மாடத்தில் இன்னும் கரி ஒட்டியிருந்தது. அந்தக் கரியைத் தூரிகையால் தொட யூனிஸ் யாரையும் விட்டதில்லை.

அவள் வேலை அளப்பதும், எழுதுவதும், வரைவதும். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்ற சொல் ஒரு மனுஷியின் மேல் இவ்வளவு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குத் தெரியாது. எந்த ஊரில் தோண்டினாலும் பத்ரிநாராயணன் சார் அவளைத்தான் கூப்பிடுவார். அகழாய்வு இயக்குநர் அவர். "கைக்குச் சுத்தம் வேணும்னா யூனிஸ்தான்" என்று எல்லாரிடமும் சொல்வார். அதைக் கேட்டு அவள் வெளியே சிரித்து மழுப்பினாலும் உள்ளே இரண்டு நாளைக்கு நிமிர்ந்து நடப்பாள்.

தோண்டுகிற இடத்தில் ஒரு பொருள் கிடைப்பது பெரிதில்லை. எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதுதான் அதற்கு உயிர். அந்த ஆழத்தை எங்கிருந்து அளப்பது? குழியின் மூலையில் ஒரு மரமுளை அடித்து, அதன் தலையில் ஓர் ஆணி வைத்திருப்பார்கள். ஆணிதான் பூஜ்யம். எல்லாமே அந்த ஆணியிலிருந்து இவ்வளவு கீழே என்றுதான் கணக்கு. மரமுளை சாயலாம், இறங்கலாம், ஆடு இடிக்கலாம். அதனால் மேட்டின் வடகோடியில், ஒற்றைப் பனைமரத்தடியில், சிலுவை கொத்திய ஒரு சிமென்ட் கல் நட்டிருக்கும். அது அசையாது. தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் கல்லிலிருந்து முளைக்கு நூல் பிடித்து, குமிழி மட்டத்தை நூலில் தொங்கவிட்டு, ஆணி நேற்றைய உயரத்திலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. பத்தொன்பது வருஷத்தில் அவள் எத்தனை ஆயிரம் டிக் போட்டிருப்பாள்.

இன்றைக்குக் குழியை மூடுவதற்கு முன் எடுக்கிற கடைசி வரைபடம் என்பதால், முளையை விட்டுவிட்டு நேராகக் கல்லிலிருந்தே நூல் கட்டியிருந்தாள். அதனால்தான் தெரிந்தது. யூனிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழியை விட்டு ஏறி வந்து முளைக்குப் பக்கத்தில் நின்றாள். நூல் ஆணியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஆணியோ நூலுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

கன்னியம்மா பாண்டுச் சட்டியில் மணலை நிரப்பிக்கொண்டிருந்தாள். மேட்டில் வேலை செய்கிற முப்பது பெண்களில் அவள்தான் மூத்தவள். பக்கத்து ஊர்க்காரி, கரண்டி பிடிப்பதில் கெட்டிக்காரி. யூனிஸ் முளையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவளே பேச்சை ஆரம்பித்தாள்.

"இன்னா மேடம், அந்த மொளையவே மொறச்சிகினு கீறீங்க? இன்னும் ஆடுதா?"

"எப்ப ஆடிச்சு கன்னியம்மா?"

"போன மாசம் ஒரு மழ பேஞ்சிச்சே, நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்களே அப்ப. மண்ணு சேறாயி, அது பல்லாட்டம் ஆடிக்கினு இருந்துச்சி. நாந்தான் சம்மட்டிய எட்தாந்து நாலு போடு போட்டேன். அதுக்கப்பறம் அசையல பாருங்க." அவள் முகத்தில் நல்ல காரியம் செய்த சந்தோஷம் அப்படியே இருந்தது.

யூனிஸ் சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? ஆடுகிற முளையைக் கண்டால் அடித்து இறுக்குவதுதான் மனித சுபாவம். அதைக் குனிந்து அளந்து பார்ப்பதற்குத்தான் ஒருத்தியை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

போன மாதம் அந்த நான்கு நாள் அவள் பல்லாவரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். கணவன் ஜாய்சனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஐந்தாம் நாள் காலை, அவனை மகள் பிளஸ்ஸியிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணெல்லாம் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்த, தாம்பரத்தில் பஸ் மாறி மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். மழையால் நான்கு நாளும் தோண்டவில்லை, தண்ணீர் இறைத்ததோடு சரி. ஆனால் அதற்கு முந்தைய வாரத்துப் பைகள் நாற்பத்தொன்று சீட்டு எழுதப்படாமல் அவளுக்காகக் காத்திருந்தன. சீட்டு எழுத உட்கார்ந்த அரை மணி நேரத்தில் குழியிலிருந்து ஒரே கூச்சல். செங்கல் பாவிய தளம் தெரிந்துவிட்டது. சார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். எல்லாரும் ஓடினார்கள், யூனிஸும் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆணியிலிருந்து அளந்தாள். ஒன்று புள்ளி இருபத்துநான்கு. சாயங்காலம் குறிப்பேட்டைத் திருப்பியபோது கடைசிக் கட்டங்கள் ஐந்து நாளுக்குக் காலியாக இருந்தன. ஐந்திலும் டிக் போட்டாள். அன்று காலையில் முளையைப் பார்த்தோமா என்று இப்போது அவளுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது. அதற்கு மேல் அந்தப் பக்கம் போக அவள் மனத்தை விடவில்லை. அதற்குப் பிந்தைய வாரங்களில் போட்ட டிக்குகளோ, இறங்கிய ஆணியையே சரியென்று எடுத்துக்கொண்டு, நேற்றைய உயரத்தில் நேற்று போலவே இருக்கிறது என்று விசுவாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

பதினெட்டு சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று யாராவது கேட்கலாம். வேறு குழியாக இருந்தால் பெரிய விஷயமில்லைதான். ஆனால் இந்தக் குழியில் ஒரு முத்திரை கிடைத்திருந்தது. கட்டைவிரல் நகத்தளவு சுடுமண் முத்திரை. ஒரு சக்கரமும், தேய்ந்துபோன நான்கு பழைய எழுத்துகளும். மழைக்கு முன்னால், முளை சரியாக இருந்தபோது, தளம் முன்பே உடைந்துபோயிருந்த ஒரு மூலையில், ஒன்று புள்ளி முப்பத்தாறு மீட்டரில் கிடைத்தது. மழைக்குப் பிறகு தளம் ஒன்று புள்ளி இருபத்துநான்கில் தெரிந்ததும் சார் கணக்குப் போட்டார். முத்திரை தளத்துக்குக் கீழே பன்னிரண்டு சென்டிமீட்டர். தளத்துக்குக் கீழே இருப்பது தளம் போடுவதற்கு முன்பே அங்கே இருந்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இந்த விகாரத்துக்கும் முன்னால், இதற்கு அடியில், இதைவிடப் பழைய விகாரம் ஒன்று இருக்கிறது. அவ்வளவும் அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரின் மேல்தான் நின்றது. தளம் உண்மையில் நாற்பத்திரண்டில் இருக்கிறதென்றால் முத்திரை தளத்துக்கு மேலே கிடந்திருக்கிறது. யாரோ ஒரு துறவி கைதவறி அறையில் விட்டுவிட்டுத் தேடித் தேடி அலுத்துப்போன பொருள். அடியில் இன்னொன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்வதற்கு ஒரு சாட்சியும் இல்லை.

எட்டரைக்கு வெயில் குழிக்குள் இறங்கியது. "அக்கா, செக்‌ஷன் டிராயிங் முடிஞ்சிடுச்சா? ஸ்கேன் பண்ணி பிபிடில போடணும்" என்று ஹர்ஷா வந்து கேட்டான். கேளம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருகிற ஆராய்ச்சி மாணவன். வெள்ளிக்கிழமை நகரத்தில் பத்திரிகையாளர் கூட்டம். அதில் சார் திரையில் காட்டிப் பேசுவதற்கான படங்களையெல்லாம் அவன்தான் தயார் செய்துகொண்டிருந்தான். "மத்தியானம் தர்றேன் ஹர்ஷா" என்றாள். சொல்லிவிட்டு நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனாள். சாரிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். அதில் சந்தேகமே இல்லை.

சார் மின்விசிறிக்கு எதிரில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு அவருக்கு ஓய்வு. முப்பத்துநான்கு வருஷமாக வெயிலில் நின்று நின்று கழுத்துக்குப் பின்னால் தோல் சுருங்கிக் கறுத்துப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் தோண்டிய இடங்களில் ஒன்றுகூடப் பாடப்புத்தகத்துக்குப் போகவில்லை. எல்லாம் அறிக்கையாகி அலமாரிக்குப் போனவை.

"வாம்மா. உன்னைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். இதைப் பாரு." அறிக்கையின் அச்சுப்பிரதியைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். இரண்டாம் பக்கத்தில், களப்பணி விவரங்களுக்குக் கீழே, தனி வரியில் இருந்தது: கள வரைபடங்களும் பதிவுகளும் – யூனிஸ் ஜாய்சன். "பத்தொன்பது வருஷமா உன் பேரை எங்கேயும் போடலை. டெம்பரரி ஸ்டாஃப் பேரைப் போடற வழக்கமில்லைன்னு சொல்லிண்டே வந்துட்டேன். எனக்கே வெக்கமா இருந்தது. இது என் கடைசி ரிப்போர்ட், யார் என்னைக் கேக்கப் போறா?"

யூனிஸ் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் பெயரை அச்சில் பார்ப்பது அவளுக்குக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "சார், நாலாம் குழி முளை..." என்று ஆரம்பித்தாள்.

"முளையையெல்லாம் நாளைக்குப் பிடுங்கிக்கலாம். குழியை மூடினப்புறம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த சீசனுக்கு ஃபைல் மேல போயிடுத்து தெரியுமோ? அடியில ஒண்ணு இருக்குன்னு சொன்னதாலதான் போச்சு. இல்லேன்னா இந்த அளவுக்கு விகாரம் நாட்டுல எத்தனையோ இருக்கு, போட்டோ எடுத்துண்டு மூடுங்கோன்னுடுவா. பக்கத்து கிடங்குக்காரன் மேட்டு விளிம்பு வரைக்கும் வேலி போட்டுட்டான், பாத்தியா? அடியில ஒண்ணு இருந்தாத்தான் அவன் மேல ஒண்ணு கட்டாம இருப்பான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். சிரிப்பிலும் அசதி இருந்தது. யூனிஸும் சிரித்தாள். பிறகு வெளியே வந்து, பழைய குறிப்பேட்டு எண்களை வைத்தே சுவரை வரைந்து, கீழே கையெழுத்துப் போடாமல் ஹர்ஷாவிடம் கொடுத்தாள். "சைன், அக்கா" என்றான். "நாளைக்கு" என்றாள்.

படப்பையில் ஏறி மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வருவதற்குள் அவள் இரண்டு தடவை தூங்கி இரண்டு தடவை விழித்தாள். ஒரகடத்துத் தொழிற்சாலை வண்டிகள் பாலத்தடியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து பொழிச்சலூர் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. ஜாய்சன் ரசம் வைத்திருந்தான். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் சமையலறையைப் பிடித்துக்கொண்டான். பிளஸ்ஸி பாடகர் குழுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஒரு விமானம் கூரையைத் தொட்டுவிடுகிற மாதிரி இறங்கிப் போனது. இருவரும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டு அது போகட்டும் என்று காத்திருந்தார்கள். இந்தப் பேட்டையில் எந்தச் சண்டையும் தொடர்ந்து மூன்று நிமிஷத்துக்கு மேல் நடந்ததில்லை.

விமானம் போனதும் அவள் சொன்னாள். முளையை, கல்லை, ஆணியை, பதினெட்டை, முத்திரையை, எல்லாவற்றையும். ஜாய்சன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"நீ சொல்லலன்னா யாருக்காவது தெரியுமா?"

"குழிய நாளைக்கு மூடறாங்க. மூடிட்டா தெரியாது."

"அப்ப எதுக்குக் குழப்பிக்கற? நீ என்ன பொய்யா சொன்ன? தெரியாம நடந்தது."

"டிக் போட்டேனே."

"அது வெறும் டிக்கு, யூனிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "என் வேலையே அந்த டிக்குதாங்க. தோண்டறது கன்னியம்மா, படிக்கறது சாரு. நான் செய்யறது அது ஒண்ணுதான்" என்றாள். ஜாய்சன் அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்தான். "சொன்னா அடுத்த வருஷம் உன்னக் கூப்பிட மாட்டாங்க" என்றான் பிறகு. அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த விமானம் வந்துவிட்டது. அது போன பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பிட்ட பிறகு ஜெபத்தில் அவன் சுகம், சமாதானம், பிளஸ்ஸியின் பரீட்சை என்று வரிசையாகச் சொல்லி ஆமென் என்றான். இவளும் ஆமென் என்றாள். முளையைப் பற்றி இருவருமே கர்த்தரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு நான்காம் குழியை மூடத் தொடங்கினார்கள். மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தளத்தின் மேலும் சுவர்களின் மேலும் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துவார்கள். அதன் மேல் ஒரு கை உயரத்துக்கு மணல். அதன் மேல்தான் மண். விரிப்புக்கு மேலே ஒரு மூலையில், அந்த வருஷத்துக் காசு ஒன்றையும் ஒரு சீட்டையும் பாட்டிலில் போட்டு அடைத்து வைப்பார்கள். என்றைக்காவது யாராவது மறுபடி தோண்டினால், இன்ன வருஷத்தில் இவ்வளவு தூரம் ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாட்டில் வைப்பது யூனிஸின் வேலை.

விரிப்பு அறைகளின் மேல் ஒவ்வொன்றாக ஏறியது. விளக்கு மாடத்தின் கரி கடைசியாகத் தெரிந்து மறைந்தது. இந்த அறையில் படுத்துக் கிடந்தவனும் களைத்துத்தான் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. ஊர் ஊராகப் பிச்சைக்கு நடந்து, திரும்பி வந்து, பாதம் கழுவி, தூக்கம் சொக்கும்போது இன்றைக்கு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து ஓதாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவனும் நினைத்திருப்பான். நினைத்துவிட்டு என்ன செய்தான் என்பதை எந்த மண்ணடுக்கும் வைத்திருக்கவில்லை.

காசைப் பாட்டிலில் போட்டாள். சீட்டை எடுத்து வழக்கம்போலக் குழியின் எண், தேதி எழுதினாள். பிறகு, கை தானாக எழுதுவது போல, கீழே இன்னும் இரண்டு வரி எழுதினாள். மே மாத மழைக்குப் பின் அளவு முளை பதினெட்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தளத்தின் சரியான ஆழம் 1.42. எழுதி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. சொல்லிவிட்டாள். பொய் சொல்லவில்லை. ஐம்பது வருஷமோ நூறு வருஷமோ கழித்துத் தோண்டுகிறவனுக்கு உண்மை தெரிந்துவிடும். அதற்குள் சார் மரியாதையாக வீட்டுக்குப் போயிருப்பார், மேடு பிழைத்திருக்கும், பிளஸ்ஸி படித்து முடித்திருப்பாள். இதைவிடச் சௌகரியமாக ஓர் உண்மையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

சீட்டைச் சுருட்டும்போது கன்னியம்மா தலையில் பாண்டோடு மேலே வந்து நின்றாள். "இன்னா மேடம், இந்த வாட்டி நெறய எய்திகினு கீறீங்க? காயிதமே பத்தல போல."

"அளவு எழுதறேன்."

"யாருக்கு?"

"பின்னால தோண்ட வர்றவங்களுக்கு."

"அவங்க எப்ப வர்றது, எப்ப படிக்கிறது." கன்னியம்மா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். "நம்ம சாருக்கு அத்த எய்திக் குடுத்துட்டீங்களா?"

அவள் ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு மணல் எங்கே கொட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யூனிஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி குந்தியிருந்தாள். முழங்கால் வலித்தது. எழுந்தால் போக வேண்டியிருக்கும் என்பதால் எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கொஞ்சம் பொறு கன்னியம்மா. மண்ணு போடாத" என்று சொல்லிவிட்டுச் சீட்டோடு கொட்டகைக்கு நடந்தாள்.

சார் நின்றுகொண்டு ஹர்ஷாவின் கணினியில் நாளைக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் நேற்று வரைந்த சுவர் இருந்தது. தளத்துக்கு அடியில் சிவப்பில் ஒரு புள்ளி, முத்திரை. அவள் சீட்டை நீட்டினாள். ஏதோ புதிதாகக் கிடைத்த பொருளின் சீட்டு என்று நினைத்து அவர் ஆசையாக வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. ஹர்ஷா எட்டிப் பார்த்துவிட்டு, திரையில் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான். பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை.

"முளை எப்படி இறங்கித்து?"

"மழையில ஆடிச்சு சார். கெட்டிப்படுத்தணும்னு அடிச்சிருக்காங்க. அடிச்சவங்க மேல தப்பில்ல."

"அஞ்சு நாளும் டிக் இருக்கே. நான் புக்கைப் பாத்தேனே."

"நான்தான் போட்டேன்." அவள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நிற்கவில்லை. "செக் பண்ணாம போட்டேன்னு மட்டும் இல்ல சார். நான் திரும்பி வந்த அன்னிக்கி முளை குட்டையாத் தெரிஞ்சுது. பார்த்தேன். பத்து நிமிஷம் நூல் பிடிச்சிருந்தாப் போதும். கண்ணு சொருகிட்டு இருந்துச்சு, தளம் வந்துடுச்சுன்னு எல்லாரும் கத்தறாங்க. பார்த்துட்டுதான் சார் டிக் போட்டேன்."

மின்விசிறி அறிக்கையின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. சார் அதன் மேல் ஒரு செங்கல் துண்டை எடுத்து வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் தொங்கிய தொப்பியை எடுத்தார், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருஷமும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டதைப் போல இருந்தது.

"நாடாவை எடு" என்றார்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. அவர் பனைமரத்தடிக்குப் போய், சிமென்ட் கல்லுக்குப் பக்கத்தில் வேட்டி மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல் மண்டியிட்டு உட்கார்ந்து, சிலுவையின் நடுவில் நூலை விரலால் அழுத்திப் பிடித்தார். யூனிஸ் மறுமுனையை எடுத்துக்கொண்டு நடந்தாள். குமிழி மட்டம் நடுவில் ஆடியது. குழியோரத்தில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மண்ணைக் கொட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இறக்கி வைக்கச் சொல்லியும் சொல்லவில்லை. தலையில் நிறைந்த பாண்டுகளோடு, கழுத்து நரம்பு புடைக்க, வியர்வை கண்ணில் இறங்க, அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். யூனிஸ் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, விரிப்பை ஒரு மூலையில் விலக்கிவிட்டு, செங்கல் தளம் வரைக்கும் நாடாவை மெல்ல இறக்கினாள். "தொட்டுடுச்சா?" என்று சார் அங்கிருந்து கேட்டார்.